ஜப்பானில் விஞ்ஞானிகள் ஊர் மக்களோடு நடத்திய படிப்புக் கூட்டங்கள்: தெரிந்தவர்கள் பேசலாம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பாதரசச் சேர்மங்கள் வரும் இடத்தில் ஒவ்வொரு வருஷமும் மினமாட்டாவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவேன். ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் சாப்பிட்ட மக்கள் நோயில் விழுந்த ஜப்பானிய ஊர் அது. இந்த முறை கடைசி வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அவ்வளவு பெரிய நாட்டுல விஞ்ஞானிங்க இல்லையா சார்? அவங்கல்லாம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், அந்த நாளை இன்னும் வரவில்லை.

படித்ததில் என்னை அப்படியே உட்கார வைத்தது மிஷிமா என்ற ஊரின் கதை. தோக்கியோவுக்கு மேற்கே, ஷிசுவோக்கா மாநிலத்தில், புஜி மலையின் நீர் ஊற்றாகப் பொங்கி வரும் ஊர். மிஷிமா, பக்கத்தில் நுமாஸு, நடுவில் ஷிமிஸு என்ற சின்ன ஊர். 1963 டிசம்பரில் இந்த மூன்று ஊர்களையும் சேர்த்து ஒரு பெட்ரோலிய ரசாயனத் தொழிற்பேட்டை வரும் என்று மாநில நிர்வாகம் அறிவித்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலை, அனல்மின் நிலையம். அன்றைய ஜப்பானில் அது வளர்ச்சியின் மறுபெயர். ஆனால் யொக்காயிச்சி என்ற ஊரில் இதே மாதிரி ஒரு தொழிற்பேட்டை 1959 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மக்கள் மூச்சுத்திணறலில் தவிக்கும் செய்தியும் வரத் தொடங்கியிருந்தது.

மிஷிமாவில் தேசிய மரபியல் ஆய்வு நிறுவனம் இருந்தது. கோதுமை, அரிசி, ஈ, கதிர்வீச்சு என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். காற்று மாசு அவர்கள் துறையே இல்லை. இருந்தும் மிஷிமா நகராட்சி கேட்டபோது, மட்சுமுரா செய்ஜி என்ற மரபியலாளர் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு அமைந்தது. அந்தக் குழுவில் பாதிப்பேர் நுமாஸு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள். பள்ளி ஆசிரியர்கள்! இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அவர்களிடம் விலை உயர்ந்த கருவிகள் கிடையாது. மே 5 ஜப்பானில் வழிவழியாக ஆண் பிள்ளைகளுக்கான திருநாள், இப்போது குழந்தைகள் தினம். அதை ஒட்டி வீட்டுக்கு வீடு கம்பம் நட்டு, கெண்டை மீன் வடிவத்தில் துணிக்கொடி கட்டுவார்கள். கொய்னோபோரி என்று பெயர். மீனின் வாய் வளையமாகத் திறந்திருக்கும், காற்று அதன் வழியே புகுந்து உடம்பு உப்பும். காற்று இல்லாவிட்டால் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும், வேகமாக அடித்தால் கிடையாக நீந்தும். பள்ளி மாணவர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பக்கத்துக் கொடி எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் பறக்கிறது என்று குறித்த நேரத்தில் பார்த்து எழுதி வந்தார்கள். நூற்றுக்கணக்கான கண்கள். அத்தனையையும் வரைபடத்தில் வைத்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எப்படிச் சுற்றுகிறது என்பது அம்புக்குறிகளாகத் தெரிந்தது.

அப்புறம்தான் கூட்டங்கள். 20 பேர், 30 பேர், சில சமயம் அதற்கும் குறைவு. கோயில் மண்டபம், ஊர்க்கூடம், யாராவது ஒருவர் வீட்டுக் கூடம். யொக்காயிச்சிக்குப் போய் எடுத்த படங்களைச் சுவரில் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி. இப்படி 300 கூட்டங்களுக்கு மேல் நடந்தன. மக்களே பேருந்து வைத்து யொக்காயிச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1964 செப்டம்பரில் நுமாஸுவில் சுமார் 25,000 பேர் திரண்டார்கள். அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள் மூன்று ஊர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன, திட்டம் கைவிடப்பட்டது.

இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றி உங்களுக்கு வேறென்ன தெரியும்? அந்தப் பிள்ளைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

அளவுகோல்:

அருமையான தொடக்கம் சார். ஆனால் ஒரு சந்தேகம். காற்று மாசு கணக்கீடுதான் என் பிழைப்பு. துணிக்கொடியைக் கண்ணால் பார்த்து எழுதுவது தரவு ஆகுமா? மாணவருக்கு மாணவர் சாய்வு மாறும், கட்டடம் காற்றை மறைக்கும், கொடி பறப்பது தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான். புகைபோக்கி அதற்கு எவ்வளவோ மேலே இருக்கும். எதிர்ப்பு ஜெயித்துவிட்டது என்பதாலேயே அறிவியல் சரி என்று ஆகிவிடாது. யாராக இருந்தாலும் நான் இதைத்தான் கேட்பேன், கோபிக்க வேண்டாம்.

வைகைக்கரை:

கோபமா? இந்தக் கேள்விக்காகத்தான் இழையே தொடங்கினேன். நீங்கள் சொல்வது சரி, கொடி தரைமட்டக் காற்றை மட்டுமே காட்டும். அது அவர்களுக்கும் தெரியும். அதனால் அதோடு நிற்கவில்லை. வெப்பமானியை எடுத்துக்கொண்டு வண்டியில் மலைப்பாதை ஏறி, உயரத்துக்கு உயரம் வெப்பநிலையைக் குறித்தார்கள். சாதாரணமாக மேலே போகப் போகக் குளிர வேண்டும். இவர்கள் ஓர் உயரத்துக்கு மேல் வெப்பம் கூடுவதைக் கண்டார்கள். வெப்பத் தலைகீழ் அடுக்கு என்று பாடத்தில் வருமே, அதுதான். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தேங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடி போட்டாற்போல உட்கார்ந்துகொள்ளும். கிழக்கே ஹக்கோனே, வடக்கே அஷிதாக்கா என்று மலைகள் சூழ்ந்த இடம் அது. புகை வெளியே போக வழி இல்லை.

அரசும் ஒரு குழுவை அனுப்பியது. குரோக்காவா குழு என்பார்கள். பெயர் பெற்ற நிபுணர்கள். சிறு மாதிரி வைத்து அதன்மேல் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையெல்லாம் செய்து, புகைபோக்கியை உயர்த்துவது போன்ற ஏற்பாடுகளைச் செய்தால் பாதிப்பைத் தவிர்க்கலாம் என்று முடிவு சொன்னார்கள். 1964 கோடையில் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்தபோது, எத்தனை நாள் அளந்தீர்கள், எந்தெந்த இடத்தில் அளந்தீர்கள் என்று ஊர்க்குழு கேட்டது. அங்கேதான் அரசுக் குழு தடுமாறியது. அவர்கள் கருவி துல்லியமானது. ஆனால் அந்தக் காற்றோடு அவர்கள் வாழவில்லை.

அளவுகோல்:

மலைப்பாதையில் வெப்பநிலை அளந்த விஷயம் எனக்குத் தெரியாது. அது கனமான சான்று, ஒப்புக்கொள்கிறேன். குறைந்த துல்லியம் கொண்ட நிறைய அளவீடுகளா, உயர்ந்த துல்லியம் கொண்ட கொஞ்சம் அளவீடுகளா என்பது இன்றைக்கும் எங்கள் துறையில் ஓயாத வாதம். தேங்கும் காற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலாவதுதான் உதவும், ஏனென்றால் அந்தத் தேக்கம் எல்லா நாளும் வராது. நாலு நாள் அளந்துவிட்டுப் போனால் தவறவிட்டுவிடுவோம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தம்பிகளா, மிஷிமா ஜெயித்த கதை. அந்தப் பிள்ளை கேட்டது மினமாட்டாவைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது. விஞ்ஞானிகள் அங்கேயும் இருந்தார்கள், கூட்டமும் போட்டார்கள். என் மனசை அறுப்பது அதுதான்.

1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாகிறது. 1959 ஜூலையில் குமாமோத்தோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு, காரணம் கரிமப் பாதரசம் என்று சொல்லிவிட்டது. நவம்பரில் நலத்துறை அமைச்சகத்தின் குழுவும் அதையே சொன்னது. சொன்ன கையோடு அந்த மினமாட்டா உட்குழு கலைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், போர் முடிந்தபோது கடலில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்று ரசாயனத் தொழில் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் சொன்னார். அழுகிய மீனில் உண்டாகும் அமீன்கள்தான் காரணம் என்று தோக்கியோவிலிருந்து ஒரு பேராசிரியர் சொன்னார். இவையெல்லாம் தலைநகரத்துக் கூட்டங்களில் மரியாதையோடு பேசப்பட்டன. மீன் பிடித்துச் சாப்பிட்டுக் கை கால் இழுத்துக்கொண்டு கிடந்த குடும்பங்களில் ஒருவருக்கும் அந்தக் கூட்டங்களில் நாற்காலி இல்லை.

அதே 1959 அக்டோபரில் ஆலை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹொசொகாவா ஹாஜிமே, அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனம் தயாரிக்கும் பிரிவின் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 ஆம் எண் பூனை. அதற்கு அதே நோய் வந்தது. அந்த முடிவு வெளியே வரவில்லை. கழிவுநீர் 1968 வரை ஓடியது. 1970 இல் புற்றுநோயோடு படுக்கையில் இருந்தபடி அவர் நீதிமன்றத்துக்குச் சாட்சியம் சொன்னார், சில மாதங்களில் இறந்துபோனார். நான் அந்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன், புகழவும் வாய் வரவில்லை. அந்தப் பதினோரு வருஷத்தை அவர் எப்படிச் சுமந்தாரோ என்றுதான் நினைப்பேன்.

இதையெல்லாம் தோண்டிப் பார்த்தவர்களில் ஒருவர் உய் ஜுன். படித்து முடித்ததும் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர், பாதரசக் கழிவைத் தானும் ஆற்றில் விட்டவர். மினமாட்டா செய்தி வந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மாசு வழக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே நடை இருப்பதாக அவர் சொல்வார். முதலில் தீங்கு தெரிய வரும். அடுத்து யாராவது காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாவதாக மறுப்புகள் குவியும், அவை சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எண்ணிக்கை இருந்தால் போதும். நான்காவதாக, அமிலத்தில் காரம் கலந்தாற்போல உண்மை வீரியம் இழந்துவிடும். உண்மை எங்கோ நடுவில் இருக்கும் போல என்று ஊரார் நினைத்துக்கொள்வார்கள். வேதியியல் ஆசிரியருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன!

மாசு விஷயத்தில் மூன்றாம் தரப்பு என்று ஒன்று கிடையாது என்பதும் அவர் சொன்னதுதான். ஒன்று பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்கிறாய், இல்லை பாதித்தவன் பக்கம். நடுநிலை என்று நினைத்து நிற்கும் இடம் பாதித்தவனுக்குத்தான் உதவும் என்பார்.

தாமரைக்குளம்:

வாத்தியார் ஐயா, உய் ஜுன் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் நடத்திய மாலை வகுப்புகளையும் சொல்லுங்கள். நான் கொஞ்சம்தான் படித்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

சொல்கிறேன் அம்மா. 1970 அக்டோபர் 12 அன்று தொடங்கினார். பல்கலைக்கழகத்துக் கட்டடத்தில், ஆனால் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு வெளியே. யார் வேண்டுமானாலும் வரலாம். இதைக் கேட்டால் பட்டமோ பதவியோ கிடைக்காது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். இல்லத்தரசிகள், அலுவலக ஊழியர்கள், மாணவர்கள் எல்லோரும் வந்தார்கள். பேசியதை எழுத்தாக்கி அச்சிட்டு விற்றார்கள், அது நாடெங்கும் போனது. 15 வருஷம், 1985 வரை ஓடியது. இந்த மாதிரி மாசுத் தீங்கை ஜப்பானிய மொழியில் கோகாய் என்பார்கள், நேர்ப்பொருள் பொதுத்தீங்கு. அந்தச் சொல்லுக்குள் இருந்த வலியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் அவர்.

அதற்கு அவர் கொடுத்த விலை? சுமார் 21 வருஷம் உதவியாளர் பதவியிலேயே இருந்தார். பேராசிரியர் பதவி 1986 இல் ஒக்கினாவா பல்கலைக்கழகம் போன பிறகுதான்.

தாமரைக்குளம்:

இதைக் கேட்டதும் குமாத்தோரி ஆய்வாளர்கள் ஞாபகம் வருகிறது. ஒசாக்காவுக்குத் தெற்கே குமாத்தோரியில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் அணு உலை ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, அணுமின் திட்டத்தைக் கேள்வி கேட்டவர்கள் ஆறு பேர். கொய்தே ஹிரோஆக்கி, இமனாக்கா தெட்சுஜி எல்லாம் அதில் வருவார்கள். 1970களில் ஷிக்கோக்கு தீவில் இக்காத்தா அணுமின் நிலையத்தை எதிர்த்து உள்ளூர் மக்கள் வழக்குப் போட்டபோது தொழில்நுட்ப உதவி செய்தவர்கள் இவர்கள். வழக்கு தோற்றது. இவர்கள் 1980 முதல் நிலையத்திலேயே அணுசக்திப் பாதுகாப்பு பற்றித் தொடர் கருத்தரங்கு நடத்தினார்கள். பொதுமக்களும் வந்து உட்காரலாம். 100 கூட்டங்களைத் தாண்டியது அது. கொய்தே 2015 இல் ஓய்வு பெறும்போதும் உதவிநிலை ஆசிரியர்தான்.

புகுஷிமா அணு உலை விபத்து நடந்த 2011 மார்ச்சின் கடைசியில் இமனாக்கா குழுவினர் கதிர்வீச்சு அளவுமானியோடு இத்தாத்தே என்ற மலைக்கிராமத்துக்குப் போனார்கள். புகுஷிமா உலைக்கு வடமேற்கே, பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு வெளியே இருந்ததால் அப்போது அதற்கு வெளியேற்ற உத்தரவு இல்லை. மக்கள் அங்கேயே இருந்தார்கள். அளந்த எண்களைப் பார்த்து அளந்தவர்களே அதிர்ந்துபோனார்கள். ஏப்ரல் 22 அன்றுதான் அரசு அந்தக் கிராமத்தை வெளியேற்ற வேண்டிய பகுதியாக அறிவித்தது. அந்தச் சில வாரங்களில் பிள்ளைகள் அங்கே விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நிஷிகசாய்_தமிழன்:

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் தோக்கியோவில் பத்து வருஷமாக இருக்கிறேன், மென்பொருள் வேலை. பழைய கதையாகவே போகிறது, இப்போது நடப்பதையும் சொல்கிறேன்.

ஜப்பானிய விஞ்ஞானிகள் மன்றம் என்று ஓர் அமைப்பு 1965 டிசம்பரில் தொடங்கியது. பல்கலை ஆசிரியர்கள் மட்டுமில்லாமல் பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள் என்று எல்லாத் துறையினரும் இருக்கிறார்கள். மாநிலவாரியாகக் கிளைகள் உண்டு, மாதப் பத்திரிகை உண்டு. அதற்கு அரசியல் சாய்வு உண்டு என்று இங்கேயே விமர்சிப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இதுபோக எந்த அமைப்பிலும் சேராமல் ஊருக்கு ஊர் நடக்கும் பெங்க்யோகாய் நிறைய. படிப்புக் கூட்டம் என்று சார் போட்டிருக்கிறாரே, சரியான சொல் அதுதான்.

மேற்குத் தோக்கியோவில் தாமா பகுதியில் கிணற்றுநீரில் பிஃபாஸ் ரசாயனங்கள் இருப்பது சில வருஷமாகப் பெரிய பேச்சு. நான்ஸ்டிக் பூச்சு, தீயணைப்பு நுரை இவற்றில் பயன்பட்ட, எளிதில் அழியாத ரசாயனங்கள். குடிநீரில் லிட்டருக்கு 50 நானோகிராம் என்று 2020 இல் தற்காலிக அளவு வைத்தார்கள். அந்தப் பகுதி மக்களின் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியவில்லை. மக்களே ஒரு குழு அமைத்து, கியோட்டோ பல்கலை ஆய்வாளர்கள் உதவியோடு சுமார் 650 பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள்.

அந்தப் பக்கம் குடியிருக்கும் அலுவலக நண்பர் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார். ஊர்க்கூடத்தின் இரண்டாம் மாடி. வாசலில் செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் பழுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். மேசையில் ஒரு பிஸ்கட் தகர டப்பா, கைப்பிரதிக்கு 500 யென் அதில் போட வேண்டும். 40 பேர் இருக்கலாம், என்னைத் தவிர ஏறக்குறைய எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற வேதியியலாளர். முதல் அரை மணி நேரம் நானோகிராம் என்றால் என்ன என்பதை மட்டுமே விளக்கினார். நீச்சல் குளத்தில் ஒரு சிட்டிகை உப்பு என்று தொடங்கி, அதுவே மிகவும் அதிகம் என்று குறைத்துக்கொண்டே போனார். யாரும் அவசரப்படவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பாட்டி எழுந்தார். ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். "என் எண் இது. நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார். அந்த வேதியியலாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, குடிக்கும் தண்ணீரை மாற்றலாம், ஏறியது குறைய வருஷக்கணக்கில் ஆகும், உங்களுக்கு நோய் வருமா வராதா என்று இந்த எண்ணை வைத்து என்னால் சொல்ல முடியாது, மன்னியுங்கள் என்று தலை குனிந்தார். பாட்டியும் தலை குனிந்துவிட்டு உட்கார்ந்தார். சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பயமுறுத்திக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து நாற்காலிகளை மடித்து அடுக்கினோம், அவரும்தான்.

அளவுகோல்:

அண்ணா, அந்தப் பாட்டி கேட்ட கேள்விதான் எனக்கு எப்போதும் பயம். நாங்கள் அறிக்கையில் சராசரி, வரம்பு என்று எழுதுவோம். ஒருத்தர் வந்து என் எண் இது என்று நின்றால் என்ன சொல்வது? அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் நரைத்த தலை என்கிறீர்கள், இளைஞர்கள் வருவதில்லையா?

நிஷிகசாய்_தமிழன்:

குறைவு தம்பி. சனிக்கிழமை மதியம் நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு நேரம் கிடையாது, தற்காலிகப் பணியில் இருக்கும் இளம் ஆய்வாளர்களுக்குத் துணிச்சல் வராது. ஒப்பந்தம் முடிந்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் யார் வந்து பேசுவார்கள்? உய் ஜுன் உதவியாளராகவே இருந்தாலும் நிரந்தர வேலையில் இருந்தார். அதுகூட இன்றைக்குப் பலருக்கு இல்லை.

தாமரைக்குளம்:

வெற்றி தோல்வி எது என்று பார்க்கும்போது ஜின்ஸூ ஆற்றையும் மறக்க வேண்டாம். தோயாமா மாநிலத்தில் எலும்பு நொறுங்கும் இத்தாய் இத்தாய் நோய். வலிக்குது வலிக்குது என்பதே அந்த நோயின் பெயர். மேலே கமியோக்கா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் ஆற்று வழியாக வயலில் ஏறி, அரிசியில் ஏறி, பெண்களின் எலும்பில் முடிந்தது. ஹகினோ நொபோரு என்ற உள்ளூர் மருத்துவர் அதைக் கவனித்துச் சொன்னபோது கேலி பேசினார்கள். 1968 இல் சுரங்க நிறுவனத்தின் மீது வழக்கு, 1972 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் வெற்றி.

எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்புக்கு மறுநாள் நடந்தது. இழப்பீட்டோடு அவர்கள் எழுந்து போகவில்லை. ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மக்கள் தேவை என்று நினைக்கும்போதெல்லாம், தாங்கள் தேர்ந்தெடுக்கும் விஞ்ஞானிகளோடு சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம், செலவு நிறுவனத்துடையது. அன்று முதல் வருஷா வருஷம் விவசாயிகளும் விஞ்ஞானிகளும் வழக்கறிஞர்களும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கழிவுநீர்க் குழாய், கசிவு, பழைய கழிவு மேடு என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, அடுத்த வருஷம் வந்து சரிசெய்தார்களா என்று பார்த்தார்கள். காட்மியம் ஏறிய வயல் மண்ணைச் சீர்செய்யும் வேலை முடிய 2012 ஆகிவிட்டது. தாத்தா கையெழுத்து வாங்கிய தாளை வைத்துப் பேரன் உள்ளே போகிறான்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

இது எனக்குப் புதுச் செய்தி அம்மா. செலவு நிறுவனத்துடையது, ஆளைத் தேர்ந்தெடுப்பது மக்கள் என்ற அந்த ஒரு வரிக்காகவே அந்த ஒப்பந்தத்தைச் சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம். மினமாட்டாவில் இல்லாமல் போனது அதுதான். பூனைச் சோதனை நடந்தபோது கதவைத் திறக்கச் சொல்ல வெளியே ஒருவரும் இல்லை.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று அந்தப் பிள்ளையிடம் பேசினேன். விஞ்ஞானிகள் இருந்தார்கள் அம்மா, தோக்கியோவில் பேசியவர்கள் மறுப்புகளை அடுக்கினார்கள், மிஷிமாவில் வேறு மாதிரி உட்கார்ந்தார்கள் என்று தொடங்கி, மீன் கொடிக் கதையைப் பலகையில் படம் போட்டுச் சொன்னேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை. கொடி எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்னொரு பையன் கேட்டான். துணியின் எடையைப் பொறுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நிஷிகசாய்த் தம்பி, உங்களால் ஓர் உதவி ஆகுமா? மே மாதம் கொடி கட்டும்போது, ஒரே கொடியை வேறுவேறு காற்றில் நாலைந்து படம் எடுத்து அனுப்புங்கள். கொடியின் நீளமும் துணி வகையும் தெரிந்தால் இன்னும் நல்லது.

நிஷிகசாய்_தமிழன்:

கட்டாயம் அனுப்புகிறேன் சார். இப்போதெல்லாம் அடுக்குமாடி பால்கனியில் கட்டும் குட்டிக் கொடிதான் அதிகம், சுவர் காற்றை மறைத்துவிடும். தாமா ஆற்றங்கரை மாதிரித் திறந்த இடத்தில் பெரிய கொடி கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். கையடக்கக் காற்றுவேகமானி ஒன்றும் வாங்கிக்கொண்டு போகிறேன். படத்துக்குப் படம் வேகத்தைக் குறித்துத் தருகிறேன், பையனே வரைபடம் போடட்டும்.

அளவுகோல்:

ஒவ்வொரு வேகத்துக்கும் பத்துப் படமாவது எடுங்கள் அண்ணா. நாலைந்து போதாது.